தூண்டில் முள்ளும் தமிழ் உரைநடையும்

தூண்டில் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. சூதினால் வரும் வெற்றி எத்தகையது என்று காட்டவந்த திருவள்ளுவர், தூண்டிலை விழுங்கிய மீனையே உவமையாக எடுத்துக்கொண்டார். அவ்விடத்திலே தூண்டில் முள்ளுக்கு அவர் இட்ட பெயர் 'பொன்' என்பது. பொன் என்றது ஈண்டு இரும்பினை. இரை என்று எண்ணி மீன் விழுங்கியது இரும்பு. ஆக்கம் என்று எண்ணிச் சூதன் பற்றியதும் அத்தகையதே. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரோ, நெடிய மூங்கிற் கோல், அதிலே கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு, இரையை இட்டு வைக்குந் தோற்பை எனத் தூண்டிற்காரனின் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். அக்காலப் புலவர் கருவியைக் கண்ணாற் கண்டு பாடினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இவ்விரண்டு இடத்தும் முள் மீனை நோக்கியே நிற்கிறது. அது கோல் பிடித்தவன் விரலை நோக்கித் திரும்பினால் என் செய்வது? இந்த வினாவுக்கு இலக்கியத்தில் விடை தேடுவது பொருந்தாது. உரைநடையிலேனும் விடை உண்டா என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

இவ்வினாவை எழுப்பியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். மேற்சொன்ன குறளுக்கு உரை கூறிக்கொண்டிருந்த பொழுது, கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் அவன் எழுந்து, "ஐயா, விழுங்கினால் மீனுக்குத்தான் கேடு. எங்கடை விரலிலை ஏறினால் என்ன செய்யிறது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் அவ்வினாவை வகுப்பிடமே திருப்பி விட்டேன். "பிடிச்சு இழுக்கிறது" என்றனர் பலர். "எண்ணெய் பூசி இழுக்கிறது" என்றான் ஒருவன். "பிளேட்டாலை கீறி எடுக்கிறது" என்றான் வேறொருவன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன் மாத்திரம், "இழுக்கக் கூடாது ஐயா, போன வழியாலை அது வராது" என்றான். ஏன் வராது என்று கேட்டேன். அவன் தன் விரலை வளைத்துக் காட்டினானேயன்றிச் சொல்லிலே விளக்க அவனால் இயலவில்லை. அறிவு அவன் கையிலே இருந்தது, நாவிலே இல்லை. அதனை நாவுக்குக் கொண்டுவருவது எவர் கடமை? மொழி கற்பிக்கும் நம்மவர் கடமை என்றே நான் கருதுகிறேன்.

முதலிலே முள்ளின் அமைப்பை நோக்குவோம். தூண்டில் முள்ளுக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. நூல் கட்டும் வளையம் ஒன்று. அதிலிருந்து நேராக இறங்கும் தண்டு ஒன்று. தண்டு மடங்கும் வளைவு ஒன்று. வளைவின் முடிவிலே குத்தும் நுனி ஒன்று. அந்நுனிக்குச் சற்றே கீழே, நுனி நோக்கும் திசைக்கு மாறாகச் சாய்ந்து நிற்கும் சிறு முள் ஒன்று. இவ்வைந்தாவது உறுப்பை இக்கட்டுரையிலே 'பின்முள்' என்று வழங்குவோம். நுனி வழி திறக்கிறது. பின்முள் அவ்வழியை அடைக்கிறது. உட்செல்லும்போது தசை அதனைத் தடுப்பதில்லை. வெளிவரும்போதோ அது தசையிலே மாட்டிக்கொள்கிறது. இழுக்க இழுக்க ஆழமாய்க் கிழிக்கிறது. மீன் தப்பாதிருத்தற்காக மனிதன் செய்த சூழ்ச்சி, மனித விரலென்று கண்டு இரங்குமா?

தூண்டில் எத்துணைப் பழையது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். யப்பானின் ஒக்கினாவாத் தீவிலே சக்கித்தாரி என்னும் குகையிற் கிடைத்த, கடற் சிப்பியினத்தின் ஓட்டால் ஆன தூண்டில் முட்கள் ஏறக்குறைய 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2016 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்துணைக் காலமாகத் தூண்டிலைக் கையாண்டுவரும் மனிதனின் விரலிலே அது ஏறாதிருந்திருக்க முடியாது. ஆகவே இது விபத்துகளுள் மிகப் பழையதொன்று. பண்ணைப் பாலத்திலும் கல்லடிப் பாலத்திலும் மாலை வேளைகளிலே தங்கூசியும் கையுமாக நிற்போர் எவர்க்கும் இன்று நேரக்கூடியதும் இதுவே.

இனி, செய்யத்தக்கது யாது? வைத்தியர்கள் கூறும் முறைகளைத் தொகுத்து, எம் மாணவர்க்கு விளங்கும் தமிழிலே தருகின்றேன்.

முள் ஏறியவுடன் இழுக்காதிருத்தலே முதற் சிகிச்சை. முள்ளோடு மீன் இருப்பின் அது துள்ளுந்தோறும் முள் ஆழமாகும். ஆதலால் மீனை அசையாது பிடித்து, முள்ளை ஆட்டாது அகற்றுதல் வேண்டும். பின்னர் நூலை முள்ளுக்கு அருகே அறுத்துவிடுதல் வேண்டும். தொங்கும் நூலைக் காற்றோ காலோ இழுத்தால் நோவு இரட்டிக்கும். மூன்று நுனியுள்ள முள்ளாயின் ஏனைய இரு நுனிகளையும் துணியாற் சுற்றுக. அன்றேல் உதவ வந்தவர் கையிலும் அவை ஏறும். விரலில் மோதிரம் இருப்பின் வீங்குமுன் கழற்றுக.

அடுத்து, எவற்றை நாம் தொடவே கூடாது என்பதை அறிதல் வேண்டும். கண்ணிலோ கண்ணிமையிலோ ஏறிய முள்ளை ஒருவரும் இழுக்கலாகாது. அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கிண்ணத்தைக் கவிழ்த்து மறைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். முகம், கழுத்து, மூட்டு ஆகிய இடங்களுக்கும், ஆழமாக ஏறிய முள்ளுக்கும் வைத்தியசாலையே வழி. விரலிலும் ஒரு சோதனை உண்டு. விரலின் இரு பக்கங்களிலும் உணர்ச்சி நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. விரலை மடக்கி நீட்டும் நாண்களும் உள்ளே உள்ளன. ஆகவே விரல் நுனியிலே தொட்டால் உணர்ச்சி தெரிகின்றதா, விரல் மடங்கி நீள்கின்றதா என்று பார்க்க வேண்டும். விறைப்போ அசையாமையோ காணின் வீட்டு வைத்தியம் தகாது.

தோலின் மேலாக ஏறிய முள்ளை அகற்றும் வழிகள் நான்கு என்பர். முதலாவது, தண்டைத் தோலை நோக்கி மெல்ல அழுத்திப் பின்முள்ளைத் தசையிலிருந்து விலக்கி, ஏறிய வழியே பின்வாங்குதல். இது பின்முள் இல்லாத முள்ளுக்கும், ஆழம் மிகக் குறைந்த முள்ளுக்கும் ஏற்றது. எதிர்ப்புத் தெரிந்தால் அவ்விடத்தே நிறுத்துதல் வேண்டும்.

இரண்டாவது கயிற்று முறை. மருந்தும் கத்தியும் இன்றிச் செய்யப்படுவது இது. 1961 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மருத்துவ இதழிலே குக் என்பவர் எழுதிய பின் வைத்திய உலகிற் பரவியது. முள் ஏறிய விரலை ஒரு மேசைமேல் அசையாது வைக்க வேண்டும். உறுதியான நூலொன்றை முள்ளின் வளைவிலே கோத்து, அதன் இரு தலைப்பையும் உதவுபவர் தம் கையிலே சுற்றிக்கொள்ள வேண்டும். மற்றக் கையால் வளையமுள்ள தலைப்பைத் தோலோடு அழுத்த வேண்டும். அப்போது பின்முள் தசையின் பிடியிலிருந்து விலகும். அந்நிலையிலே நூலைத் தண்டின் போக்கிலே, தோலுக்கு இணையாக, பின்னோக்கி ஒரே வெட்டில் இழுக்க வேண்டும். முள் துள்ளி வெளியே பாயும். அது பாயும் திசையிலே ஒருவரும் நிற்றலாகாது. தயங்கித் தயங்கி இழுத்தல் துன்பத்தையே பெருக்கும். காதுமடல் போல அசையும் உறுப்பிலே இதனைச் செய்யலாகாது. பழகியவர் செய்யின் எளிது. பழகாதவர் முதன்முதலாகப் பிறர் விரலிலே கற்றுக்கொள்ள முயல்வது அறமன்று.

மூன்றாவது முறையிலே வைத்தியர் ஊசிமருந்து ஏற்றும் உட்டுளையுள்ள ஊசியை முள் ஏறிய வாயிலாற் செலுத்தி, பின்முள்ளை அதன் துளையாலே மூடி, இரண்டையும் ஒருங்கே வெளியே எடுப்பர். நான்காவது முறை வினோதமானது. முள்ளைப் பின்னே இழுக்காது, அதன் வளைவின் போக்கிலேயே முன்னே செலுத்தி, நுனியும் பின்முள்ளும் தோலின் வேறோரிடத்திலே வெளித்தோன்றச் செய்வர். வெளித்தோன்றிய நுனியைப் பின்முள்ளோடு சேர்த்துக் குறட்டால் வெட்டிவிடுவர். எஞ்சிய முள் வழுவழுப்பான வளைந்த கம்பியாகிவிடும். அது வந்த வழியே தடையின்றித் திரும்பும். வெட்டுண்ட துண்டு கண்ணிற் பாயாதபடி துணியால் மறைத்துக்கொள்வர். இம்முறைக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டும். ஆதலால் இதுவும் வைத்தியர் செயலே.

முள் வெளிவந்ததும் காரியம் முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. சவர்க்காரமும் தூய நீரும் கொண்டு புண்ணை நன்கு கழுவுதல் வேண்டும். துருவினாலே ஏற்புவலி வருகின்றது என்று நம்மவர் நினைக்கின்றனர். ஏற்புவலிக்குக் காரணம் துரு அன்று. மண்ணிலும் விலங்கின் சாணத்திலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாவே காரணம். புதிதாய்ப் பளபளக்கும் முள்ளும் அதனைக் கொண்டு வரும். கடைசியாக ஏற்பு ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாயின், இத்தகைய அழுக்குப் புண்ணுக்கு மீண்டும் ஓர் ஊசி வேண்டும் என்பது வைத்தியர் கொள்ளும் விதி. அடுத்த நாட்களிற் செம்மை பரவினாலோ, வீக்கம் மிகுந்தாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ தாமதிக்கலாகாது. நீரிழிவு உடையவர் இவ்விடயத்தில் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். கடல்நீரிலும் களப்புநீரிலும் வாழும் சில கிருமிகள் அத்தகையோரைக் கடுமையாகத் தாக்குவன.

இனி நான் சொல்லவந்த பொருளுக்கு வருகின்றேன். மேலே எழுதிய நான்கு முறைகளையும் தமிழிலே எழுத முற்பட்டபோது, இடர் அனைத்தும் மருத்துவச் சொற்களால் வருவனவல்ல என்பது புலனாயிற்று. பற்றீரியா என்பதை அப்படியே எழுதினாலும் மாணவன் விளங்கிக்கொள்கிறான். இடர் தருவன நாம் நாள்தோறும் வழங்கும் எளிய வினைச்சொற்கள். "முள்ளை வெட்டி எடுக்கவும்" என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முள்ளை வெட்டுவதா, தசையை வெட்டுவதா? எழுதியவருக்குத் தெரியும், வாசிப்பவர் கையிலோ பிளேட்டு இருக்கின்றது. "திருப்பி எடுக்கவும்" என்றால் முள்ளைச் சுழற்றுவதா, ஏறிய வழியே மீட்பதா? "தள்ளி எடுக்கவும்" என்றால் முன்னே தள்ளுவதா, பக்கவாட்டில் ஒதுக்குவதா? "இழுக்கவும்" என்பது எத்திசை நோக்கி? செயப்படுபொருளை விட்டெழுதினால் இலக்கணத்திலே அது அமைந்துவிடலாம், விரலிலே அமையாது.

பிறமொழிப் பிரசுரங்களைப் பெயர்ப்போர் பெரும்பாலும் அகராதியைப் பார்க்கின்றனர், பொருளைப் பார்ப்பதில்லை. ஒரு தூண்டில் முள்ளைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தால், அவ்வாக்கியத்தின் குறை உடனே தோன்றும். வளையம், தண்டு, வளைவு, நுனி, பின்முள் என்று உறுப்புக்குப் பெயர் இட்ட பின்னரே, எதனை அழுத்துவது, எதனை இழுப்பது, எதனை வெட்டுவது என்று சொல்ல முடிகிறது. பெயர் தெளிந்தால் வினை தெளியும். வினை தெளிந்தால் கை தெளியும்.

"இது வைத்தியர் பணியன்றோ? பண்டிதர்க்கு இதிலே என்ன?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு யாழ்ப்பாணத்து வரலாறே விடை கூறும். பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இந்நாட்டிலே செய்யுளிலே எழுந்தன. நோயும் மருந்தும் பாட்டிலே அமைந்தமையால் ஏட்டை இழந்தவரும் மனத்திலே காத்தனர். வைத்தியமும் தமிழும் வேறு வேறு வீட்டிலே குடியிருந்தன அல்ல. 1847 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், மானிப்பாயிலே மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதலிய துறைகளுக்குத் தமிழிலே நூல்கள் ஆக்கினார், ஆக்குவித்தார். அறுவை வைத்தியம் கூறும் 'இரண வைத்தியம்' அவற்றுள் ஒன்று. அவர் 1873 இல் தம் நாடு திரும்பினார். பிறநாட்டார் ஒருவர், தமிழால் அறுவை வைத்தியம் சொல்ல முடியும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நாட்டினார். அவ்வழியிலே பிறந்த நாம், விரலிலே ஏறிய ஒரு முள்ளை எடுக்கும் விதத்தைப் பிழையறச் சொல்லத் தடுமாறினால், குறை மொழியினுடையதாகுமா?

மற்றொரு சாரார், "இலக்கியச் சுவை குன்றும்" என்று அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டியதன்று. செய்முறையைத் தெளிவாக எழுதக் கற்ற மாணவன், உவமையையும் தெளிவாகக் காண்பான். பின்முள்ளை அறிந்தவனுக்கே வள்ளுவர் உவமையின் ஆழம் விளங்கும். தூண்டிலை விழுங்கிய மீன் விழுங்கிய பின்னர் உமிழ முடியாமைக்குப் பின்முள்ளன்றோ காரணம்? சூதிலே முதல் வெற்றி எளிதாய் நுழைகிறது. பின்னர் வெளியேற முயலுந்தோறும் கிழிக்கிறது. கடற்கரைச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுக் கூரையிலே செருகியிருக்கும் முள்ளை எடுத்துக் காட்டினால், பட்டணத்து மாணவன் ஒரு பக்க உரையினாற் பெறாத தெளிவைப் பெறுவான். அறிவு ஊட்டுபவன் அன்று அச்சிறுவனே. கல்லூரியிலே அவன் பெறாத பெருமை அது.

ஆகவே நம் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கட்டுரைப் பாடத்திலே 'நிலவின் அழகு', 'நூலகத்தின் பயன்' என்னும் தலைப்புகளை ஆண்டுதோறும் கொடுக்கிறோம். அவற்றோடு செய்முறைக் கட்டுரை ஒன்றையும் கொடுப்போமாக. கடற்கரைப் பாடசாலையிலே தூண்டில் முள் ஏறினால் செய்வது. வயற்புறத்திலே பாம்பு தீண்டினால் செய்வது. சமையலறையிலே தீப்பட்டால் செய்வது. மாணவன் தன் ஊரிலே அறிந்தோரிடம் கேட்டு எழுதட்டும். எழுதியதை வைத்தியர் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும். பின்னர் அக்கட்டுரையை வேறொரு மாணவன் வாசித்து, ஓர் உருளைக்கிழங்கிலே குத்திய முள்ளை அக்கட்டுரை சொன்னபடியே எடுத்துக் காட்டட்டும். கிழங்கு கிழிந்தால் வாக்கியத்திற் குறை உண்டு. இதனினும் நேர்மையான பரீட்சை உரைநடைக்கு இல்லை. புள்ளி இடுபவன் ஆசிரியன் அல்லன், கிழங்கே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தூண்டில் பழகும் சிறுவர்க்குக் கொடுக்கும் முள்ளிலே பின்முள்ளைக் குறட்டால் நசுக்கிச் சமப்படுத்திக் கொடுங்கள். நூலைத் தளரவிடாது பிடித்தால் மீன் அப்போதும் பெரும்பாலும் நிற்கும். சில மீன்கள் தப்பலாம். அது சிறுவனின் கைத்திறனை வளர்க்கும். விரலில் ஏறினாலோ முள் எளிதாய் வந்துவிடும். தூண்டிலை வீசுமுன் பின்னே நிற்பவரைத் திரும்பிப் பார்க்கவும் அவனுக்குக் கற்பியுங்கள்.

தமிழ் எல்லாம் வல்லது என்று மேடையிலே முழங்குவது எளிது. ஆற்றங்கரையிலே இரத்தம் வடியும் விரலோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு, "இழுக்காதே, நூலை அறு, விரலை ஆட்டாதே, வா, வைத்தியசாலைக்குப் போவோம்" என்று முறை பிறழாது சொல்லும் நான்கு வாக்கியங்களிலே அவ்வன்மை மெய்யாகும். அந்நான்கு வாக்கியங்களை எழுதக் கற்பிப்பதும் தமிழ்த் தொண்டே.